அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்

கேரள எல்லையோரம் எங்கள் அம்பூரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். வெள்ளறடை, பனச்சமூடு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அருமனை, பத்துகாணி என்று எங்கே போனாலும் ஹெட்செட்டும் லேப்டாப்புமாக யாராவது ஒருவர் தட்டுப்படுவார். அவர்களில் சிலர் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்கள். சிலர் என்னைப் போல கான்ட்ராக்டில் இருப்பவர்கள். எங்களுக்கு மாதச் சம்பளமும் கிடையாது, பி.எஃப்பும் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதிய வேலையை முடித்து, இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்கிறோம்.

அப்படி ஒரு தம்பி சமீபத்தில் கேட்டான்: "அண்ணா, வேலை எனக்கு நல்லாத் தெரியும். மேனேஜர்கிட்ட எப்படிப் பேசணும்னுதான் பிடிபடல. நான் பாட்டுக்கு வேலையை முடிச்சுக்கிட்டு இருக்கேன். அவரு என்னடான்னா நாலு நாளைக்கு ஒரு தடவை 'எல்லாம் சரியா போகுதா'ன்னு கேட்டு மெசேஜ் போடுறாரு. நம்பிக்கை இல்லையோன்னு தோணுது."

போனில் அவனிடம் கொஞ்சம் சொன்னேன். முழுதாகச் சொல்ல நேரம் போதவில்லை. அவனைப் போலப் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்குச் சொன்ன முதல் விஷயம்: அந்த மேனேஜருக்கு உன் திறமையில் சந்தேகம் இல்லை. அவருக்கு உன் நிலவரம் தெரியவில்லை. இரண்டும் வேறு. ஆனால் நிலவரம் தெரியாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது மெல்ல மெல்லத் திறமையைப் பற்றிய சந்தேகமாகவே மாறிவிடும். அவர் கேட்பதற்கு முன் நீ சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே வராது.

வாய் திறக்காத நல்ல பிள்ளைகள்

நம் வளர்ப்பு அப்படி. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் "புரிஞ்சுதா" என்றால் புரியாவிட்டாலும் தலையாட்ட வேண்டும். மேலதிகாரியிடம் நாமாகப் போய் ஒன்றைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். செய்த வேலையை எடுத்துச் சொல்வது பெருமையடிப்பது. இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் சர்ச்சிலும் பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறிப்போனவை.

நேரில் இருக்கிற இடத்தில் இந்தப் பழக்கத்தால் பெரிய கெடுதல் இல்லை. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயே திறக்காவிட்டாலும் காலையில் வந்து உட்கார்ந்ததை மேனேஜர் பார்க்கிறார். மதியம் முகம் வாடியிருந்தால் "என்னப்பா, ஏதாவது பிரச்சினையா" என்று கேட்கிறார். பக்கத்து மேசைக்காரரோடு திரையைக் காட்டி விவாதிப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அவர் பேசாமலே பாதித் தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அம்பூரியில் ஒரு அறையில் உட்கார்ந்து லண்டனில் இருப்பவருக்கு வேலை செய்யும்போது அந்தப் பாதி அப்படியே இல்லாமல் போகிறது. நாம் ராத்திரி பத்து மணி வரை மல்லுக்கட்டியதும் அவருக்குத் தெரியாது, மதியம் தூங்கியதும் தெரியாது. எழுத்தில் வந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நாம் மரியாதையாக நினைத்துக் காக்கும் அமைதி, அவர் பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி தெரிகிறது.

கான்ட்ராக்டில் இருப்பவருக்கு இது இன்னும் கூடுதல். நிரந்தர ஊழியர் என்றால் வருடாந்திரக் கூட்டம், டீம் விருந்து என்று முகம் பார்க்க வாய்ப்பு உண்டு. நமக்கு அது கிடையாது. ஒப்பந்தம் முடியும் நாளில் இதை நீட்டிக்கலாமா என்று யாரோ ஒருவர் யோசிக்கும்போது, அவர் மனதில் நாம் எழுதியவைதான் நிற்கும்.

ரப்பர் தோட்டத்தில் இது பழைய பழக்கம்

தூரத்து முதலாளிக்கு வேலை செய்வது நம் ஊருக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். இந்த மலையடிவாரம் முழுக்க ரப்பர். தோட்டத்துக்காரர் திருவனந்தபுரத்திலோ வளைகுடாவிலோ இருப்பார். பால் வெட்டுகிறவர் இங்கே இருப்பார். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடுவதை முதலாளி பார்ப்பதே இல்லை.

நல்ல வெட்டுக்காரர் எப்படிச் சேதி சொல்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? "இன்னிக்கு மழை, வெட்டல. நேத்து வெட்டுனதுல இத்தனை ஷீட். ஒட்டுப்பால் தனியா கட்டி வச்சிருக்கு." இது தினசரிக் கணக்கு. அதோடு இன்னொன்றும் சொல்வார்: "கிழக்குச் சரிவுல இந்தப் பக்கத்துப் பட்டை இன்னும் ரெண்டு மாசத்துல தீந்துரும். மறுபக்கம் மார்க் பண்ணணும். ஆளை நீங்க சொல்றீங்களா, நான் பார்க்கட்டுமா? ரெயின் கார்டு மே மாசத்துக்குள்ள போடணும், சாமானுக்குப் பணம் அனுப்பணும்."

இந்த இரண்டாவது பகுதிதான் விஷயம். பட்டை தீர்ந்த அன்றைக்குச் சொன்னால் முதலாளி கையைப் பிசைவார். இரண்டு மாதம் முன்பே, முடிவு எடுக்க அவகாசம் இருக்கும்போதே, யார் செய்வது என்ற கேள்வியோடு சொன்னால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். அப்படிச் சொல்லும் வெட்டுக்காரரை எந்த முதலாளியும் மாற்றுவதில்லை. நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்தாமல் வரப்போவதையும் சேர்த்துச் சொல்கிற இந்தப் பழக்கத்தை மென்பொருள் வேலைக்கும் அப்படியே கொண்டுவரலாம்.

நாள் முடியும்போது ஒரு குறிப்பு

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. வேலை முடிந்து லேப்டாப்பை மூடும் முன் மேனேஜருக்கு ஒரு சிறு குறிப்பு போகும். என்ன முடிந்தது, அடுத்து என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் போகிற ஒரு குறிப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

*இன்று: பில்லிங் பக்கத்தில் வரி தவறாகக் கணக்கிட்டதைச் சரிசெய்து, சோதனைத் தளத்தில் ஏற்றிவிட்டேன். தள்ளுபடியும் வரியும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் இன்னும் ஒரு பைசா வித்தியாசம் வருகிறது. காரணம் தெரிந்துவிட்டது.*

*நாளை: அதை முடித்துவிட்டு ரிப்போர்ட் பக்கத்தைத் தொடங்குகிறேன்.*

*உங்களிடம் வேண்டியது: பழைய பில்களையும் திருத்த வேண்டுமா, புதியவற்றை மட்டுமா? வியாழக்கிழமை உங்கள் மதியத்துக்குள் தெரிந்தால் வெள்ளிக்கிழமை ஒப்படைப்பதில் மாற்றம் இருக்காது. பதில் வராவிட்டால் புதியவற்றை மட்டும் திருத்துவேன்; பழையவற்றைத் தொட மாட்டேன்.*

இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். "வேலை போய்க்கொண்டிருக்கிறது, விரைவில் முடியும்" என்று எழுத அரை நிமிடம். ஆனால் அந்த அரை நிமிட வரியைப் படித்த மேனேஜர், தன் மேலாளரிடம் என்ன சொல்வார்? அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து நம் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குறிப்பை அப்படியே எடுத்துப் படித்தால் போதும் என்ற நிலையில் அவரை வைத்திருப்பது, அவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

அந்தக் குறிப்பின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லியாயிற்று. மேனேஜர் பயணத்தில் இருக்கலாம், நூறு மெயிலுக்கு நடுவில் நம்முடையது புதைந்திருக்கலாம். அவர் பதில் போடவில்லை என்று வேலையை நிறுத்திக் காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். நாமாக ஒன்றை முடிவு செய்து பெரிய மாற்றம் செய்துவிட்டால் பிறகு வம்பு. எதைச் செய்தால் பின்னால் எளிதாகத் திருத்த முடியுமோ அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேலையும் நிற்காது, அவர் அதிகாரத்தையும் நாம் எடுத்துக்கொண்டதாகாது.

கெட்ட சேதி

நல்ல சேதியைத் தள்ளிப்போடுபவர்கள் யாரும் இல்லை. கெட்ட சேதிதான் தொண்டையில் நிற்கும். "நாளைக்குள் சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை" என்று மனம் சொல்லும். நாளை மறுநாளாகும். கடைசியில் ஒப்படைக்கும் நாள் காலையில்தான் வாய் திறப்போம்.

இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை. அது ஆரம்பத்திலிருந்தே பல நாடுகளில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களால் ஆன நிறுவனம். 2011-இல் உக்ரைனில் திமித்ரி சபரோஷெத்ஸ் தொடங்கிய மென்பொருள், நெதர்லாந்தின் சித் சைபிரான்டி சேர்ந்த பிறகு நிறுவனமாக வளர்ந்தது. 2017 ஜனவரி 31 அன்று இரவு அவர்களுடைய தளத்தில் டேட்டாபேஸ் பிரச்சினை. நீண்ட நேரமாக அதோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புகளை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு வினாடிக்குள் தெரிந்து நிறுத்தினார். ஆனால் ஏறத்தாழ 300 ஜி.பி.யில் மிஞ்சியது சுமார் 4.5 ஜி.பி. பேக்கப் என்று வைத்திருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது.

அப்போது அவர்கள் செய்ததுதான் பாடம். என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறோம், எது வேலை செய்யவில்லை என்பதையெல்லாம் ஒரு பொது ஆவணத்தில் உடனுக்குடன் எழுதி உலகுக்கே திறந்து வைத்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிப்ரவரியில் முழு விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். தவறு செய்த ஒருவரைக் குறிவைக்காமல், ஒருவர் கை தவறினால் இவ்வளவும் போகும் அளவுக்கு ஏற்பாடு ஏன் இருந்தது என்று கேட்டார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கோபம் இருந்தது. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வர இடமில்லாமல் போனது.

நம் அளவில் இவ்வளவு பெரிய விபத்து வராது. வருவதெல்லாம் "வெள்ளிக்கிழமை முடியாது போலிருக்கிறது" என்ற சந்தேகம். அந்தச் சந்தேகம் செவ்வாய்க்கிழமையே வந்துவிடும், நமக்கு உள்ளூரத் தெரியும். செவ்வாய்க்கிழமை சொன்னால் மேனேஜருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தேதியைத் தள்ளலாம், வேலையைக் குறைக்கலாம், இன்னொருவரைச் சேர்க்கலாம், வாடிக்கையாளரிடம் முன்கூட்டிப் பேசலாம். வெள்ளிக்கிழமை சொன்னால் அவருக்கு மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் வழி.

சொல்லும் விதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பாதிப்பை முதலில் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு. "மன்னிக்கவும், நேற்று எனக்கு..." என்று தொடங்கி மூன்று பத்தி கழித்து விஷயத்துக்கு வராதீர்கள். "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் பக்கம் தயாராகாது. பில்லிங் தயாராகும். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை. காரணம் இது. தேதி மாறக் கூடாது என்றால் படங்கள் இல்லாமல் அட்டவணையை மட்டும் வெள்ளிக்கிழமை தர முடியும்." இவ்வளவு போதும். மன்னிப்பு ஒரு வரி இருந்தால் நல்லது. அது கடைசியில் வரட்டும்.

மழையும் கடிகாரமும்

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அம்பூரிக்காரர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். 2001 நவம்பர் 9 அன்று நடந்த உருள்பொட்டலில், அதாவது நிலச்சரிவில், முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. பெரிய மழை என்றால் இங்கே பெரியவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். லண்டனில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? அவருக்கு மழை என்றால் குடை.

துலா மாதத்தில், அதாவது தமிழ்க் கணக்கில் ஐப்பசியில், காலையில் வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் இடி கேட்டதும் டி.வி., மோடம் பிளக்குகளைப் பிடுங்குவதுதான் எங்கள் வீடுகளில் முதல் வேலை. பிடுங்காமல் விட்டு மோடம் எரிந்த வீடுகள் எத்தனையோ. அதற்குப் பிறகு கரண்டும் போகும். சங்கடம் என்னவென்றால், சரியாக அந்த நேரத்தில்தான் லண்டனில் ஆபீஸ் தொடங்குகிறது. அங்கே காலை 9.30 என்றால் அக்டோபரில் நமக்கு மதியம் 2 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் அதே 9.30 நமக்கு 3 மணி. அவர் "கால் பேசலாமா" என்று கேட்கும் நேரமும் நம் வீட்டில் இடி இடிக்கும் நேரமும் ஒன்று.

இதை இடி இடிக்கும் அன்றைக்குச் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும். செப்டம்பரில் ஒரு தடவை எழுதிவிட்டால் அது திட்டம்:

*நான் இருப்பது மலையடிவாரக் கிராமம். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை பல நாள் மதியம் 2 முதல் 5 வரை இடி மழையால் இணையத்தைத் துண்டிக்க வேண்டிவரும். அந்த வாரங்களில் நான் காலை 7 மணிக்கே தொடங்கி முக்கிய வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுவேன். கால் வேண்டுமானால் என் மாலை 6 மணிக்குப் பிறகு, அதாவது உங்கள் மதிய நேரத்தில், வைத்துக்கொள்வோம். அவசரம் என்றால் போனில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அது பெரும்பாலும் வந்துவிடும்.*

இன்வெர்ட்டரும் இரண்டாவது சிம்மும் வாங்குவது நம் கடமை. அவை கைவிடும் நாளில் என்ன நடக்கும் என்பதை அவருக்கு முன்பே சொல்லி வைப்பதும் கடமைதான்.

அமெரிக்க மேனேஜர் என்றால் கணக்கு வேறு. நியூயார்க் காலை 10 மணி நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அவர்கள் கடிகாரத்தை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்து மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இந்தியா மாற்றுவதே இல்லை. இந்தத் தேதிகளை நாம் குறித்து வைத்து, "அடுத்த வாரம் உங்கள் கடிகாரம் மாறுகிறது, நம் கால் எந்த நேரத்தில்?" என்று முதலில் கேட்டுவிட்டால், ஒரு வாரக் குழப்பம் மிச்சம்.

தேதி எழுதும்போது எண்ணில் எழுதாதீர்கள். 5/6 என்றால் நமக்கும் லண்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதப் பெயரும் கிழமையும் சேர்த்து எழுதினால் சண்டையே இல்லை. "இன்றைக்குள் தருகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். யாருடைய இன்று? "உங்கள் புதன் காலை நீங்கள் மெயிலைத் திறக்கும்போது இருக்கும்" என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்பது

கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. "இது எப்படிச் செய்வது?" என்று வெறுமனே கேட்டால் முழுச் சுமையும் அவர் தலையில் விழுகிறது. "இரண்டு வழி பார்த்தேன். முதல் வழி ஒரு நாளில் முடியும், ஆனால் பெரிய கோப்பு வந்தால் திணறும். இரண்டாவதுக்கு மூன்று நாள், திணறாது. உங்கள் வாடிக்கையாளர்கள் பெரிய கோப்பு ஏற்றுவார்களா? ஏற்றுவார்கள் என்றால் இரண்டாவது நல்லது என்பது என் கருத்து" என்று கேட்டால் அவர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். நாம் யோசித்திருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் பற்றிய கூச்சத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் படித்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போனவர்கள். வேகமாகப் பேசுகிற வெள்ளைக்காரரின் உச்சரிப்பு பாதி புரியாது. புரியாவிட்டாலும் "ஓகே ஓகே" என்று சொல்லிக் காலை முடித்துவிட்டு, அப்புறம் நண்பர்களிடம் "என்னடா சொன்னாரு" என்று கேட்பது வழக்கம். அதை விட்டுவிடுங்கள். கால் முடிந்த பத்து நிமிடத்துக்குள் ஒரு மெயில்: "நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை: ஒன்று, இரண்டு, மூன்று. ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள்." தவறு இருந்தால் அன்றைக்கே திருந்திவிடும். இல்லாவிட்டால் அதுவே பதிவாக நிற்கும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் செய்ய வேண்டிய வேலை இது. எழுத்தில் எளிய சின்ன வாக்கியங்கள் போதும். அலங்காரம் யாருக்கும் தேவையில்லை. பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் பெயர் சொல்லியே அழையுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வேலையின் எல்லையும் பணமும்

ஊழியருக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். "போகிற போக்கில் இதையும் செய்துவிடுங்களேன்" என்று மேனேஜர் கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான். முகம் கோணாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் மூன்றாவது மாதம் நமக்கே மனக்கசப்பு வரும். "அது என் வேலை இல்லை" என்று வெட்டிச் சொன்னால் அவருக்கு மனக்கசப்பு வரும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. "செய்யலாம். இது நாம் ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லை, இரண்டு நாள் வேலை. இதைச் சேர்த்தால் ரிப்போர்ட் பக்கம் அடுத்த வாரத்துக்குப் போகும், அல்லது தனியாக இன்வாய்ஸில் சேர்க்கலாம். எது வசதி?" இதில் முறைப்பு எதுவும் இல்லை. செலவைச் சொல்லி முடிவை அவரிடமே விட்டுவிடுகிறோம்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் இந்திய நிறுவனமாக இருந்து, நீங்கள் அரசின் உத்யம் தளத்தில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த நாட்கள் எண்ணப்படுவது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஆட்சேபம் இருந்தால் ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். அதனால்தான் "இன்று இந்த வேலையை ஒப்படைத்துவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்ற சாதாரண மெயில் அவ்வளவு முக்கியம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. அங்கே ஒப்பந்தமும் மெயிலும்தான் துணை. பணம் வந்ததும் வங்கியில் அந்நியச் செலாவணி வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு செய்யும் நிலை வந்தால் ஏற்றுமதிச் சேவை என்று காட்ட அது வேண்டும்.

எல்லாச் சுமையும் நம் தலையில் அல்ல

இவ்வளவும் சொன்னதால், தகவல் சரியாகப் போகாவிட்டால் எப்போதும் நம் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் பதில் போடாமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் "ஏன் முடியவில்லை" என்று கேட்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். கான்ட்ராக்ட்காரர்தானே என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் எனக்கு அப்படி நடந்தது. வேண்டிய முடிவைக் கேட்டு நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் தேதியோடு இருந்ததால், பணம் கொடுக்கும் நேரத்தில் வாக்குவாதம் செய்ய அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் மரியாதையாக விலகிக்கொண்டேன்.

கிடைக்கும் நேரத்தை முதல் வாரத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒரு தடவை இரவில் உதவலாம், உதவ வேண்டும். அதுவே வழக்கமானால், "கடந்த வாரம் மூன்று இரவு இப்படி ஆனது. இது தொடரும் என்றால் நேரத்தை மாற்றிப் பேசிக்கொள்வோம்" என்று அமைதியாக எழுதுங்கள். தூக்கம் கெட்டவர் எழுதும் கோடில் அவர்களுக்கும் நஷ்டம்தான்.

மேனேஜர் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தூரத்தில் இருப்பவர் கெட்ட சேதி சொன்னால், முதலில் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு விசாரியுங்கள். ஒரு தடவை எரிந்து விழுந்தால் அடுத்த தடவை அவர் உங்களிடம் கடைசியாகத்தான் சொல்வார்.

தம்பிக்கு

மென்பொருள் நிறுவனமான ஜோஹோ தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்தபோது கிராமத்தில் இருந்தே உலகத் தரமான மென்பொருள் செய்ய முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே ஓர் அலுவலகமும் பக்கத்து மேசையும் இருக்கின்றன. உனக்கும் எனக்கும் அது இல்லை. பக்கத்து மேசை செய்யும் வேலையை நம் எழுத்து செய்தாக வேண்டும்.

நாளைக் காலையிலேயே தொடங்கு. மேனேஜரிடம் நான்கு கேள்வி கேள்: எந்த நேரத்தில், எந்த வழியில் சேதி அனுப்பினால் உங்களுக்கு வசதி? உங்கள் மேலாளருக்கு நீங்கள் எந்த நாளில் நிலவரம் சொல்ல வேண்டும்? எந்த முடிவை நானே எடுக்கலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும்? தேதி தவறும் போலிருந்தால் எத்தனை நாள் முன்பு தெரிய வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக எந்த மேனேஜரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதிலைக் குறித்துவைத்து, அன்று மாலையே உன் முதல் குறிப்பை அனுப்பு. அவர் கேட்கும் வரை காத்திருக்காதே.

நம் அப்பா, மாமா தலைமுறையில் படித்தவர்கள் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் பிழைத்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பெற்றவர்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு வயிறு வளர்க்கும் வாய்ப்பு நமக்கு வந்திருக்கிறது. அதைத் தந்த மேனேஜருக்கு நம் ஊரோ நம் முகமோ தெரியாது. நாம் சொன்னபடி செய்வோம், செய்ய முடியாவிட்டால் நேரத்தோடு சொல்வோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். இன்று உன்னை நம்பினால் நாளை "உங்கள் ஊரில் இன்னொருவர் கிடைப்பாரா?" என்று அவரே கேட்பார். அப்போது என்னிடம் சொல். வெள்ளறடையிலும் பத்துகாணியிலும் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் எனக்குத் தெரியும்.